துண்டைத் தந்தார்கள், பிள்ளையைத் தரவில்லை

பனவடலிசத்திரத்தில் ஒரு கல்யாணம். எங்கள் சபைக் கல்யாணம்தான். போதகர் ஐயர் ஜெபித்து, பாட்டுப் பாடி முடித்த கல்யாணம். பெண்ணுக்குப் பூ வைக்க எல்லாப் பெண்களும் முந்திக்கொண்டு போனார்கள். என் சித்தி மட்டும் பந்தலுக்குப் பின்னால் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஏழாம் வருஷம் சித்தப்பா போய்விட்டார். அதிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் சித்தியின் இடம் பின்பக்கம்தான். யாரும் சொல்லவே வேண்டாம், அவளே போய்விடுவாள்.

இலை துடைக்கும் அந்தக் கையைப் பார்த்தபோதுதான் வேதத்தில் வரும் விதவை அன்னாள் எனக்கு ஞாபகத்துக்கு வந்தாள். கிறிஸ்துமஸ் என்றால் மேய்ப்பர்கள், சாஸ்திரிகள், நட்சத்திரம் என்று ஆடிப்பாடுகிறோம். பிள்ளை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்த நாளில் அங்கே இருந்த அன்னாளை யார் நினைக்கிறார்கள்? அவளும் ஏழு வருஷம்தான் புருஷனோடு வாழ்ந்தாள். பிறகு கிழவியாகும்வரை ஆலயமே கதியென்று கிடந்தாள். அவளை யாரும் பந்தலுக்குப் பின்னால் அனுப்பியதாக வேதத்தில் இல்லை.

பாளையங்கோட்டையில் பி.ஏ. படிக்கிறவளுக்கு இது போதாதா? பஸ் எங்கள் ஊர் சங்கரன்கோவில் வந்து சேருவதற்குள் கிறிஸ்துமஸ் நாடகத்தை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். அதே நாளில் ஆலயத்துக்கு வந்த கிழவர் சிமியோன் மரியாளிடமிருந்து பிள்ளையை வாங்குவார். அன்னாள் கையில் கொடுப்பார். பிள்ளையை ஏந்திக்கொண்டு அன்னாள் ஜனங்களிடம் பேசுவாள். சபைச் செயலாளர் அண்ணாச்சி சிமியோன். சித்தி அன்னாள். அக்காவின் கைப்பிள்ளைதான் இயேசு. ஒத்திகைக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டோம்.

பக்கத்துத் தெருத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் ஒத்திகை நடந்தது.

"ஏ தாயி, பிள்ளைய இப்படி இறுக்கிப் பிடிச்சா ஆண்டவருக்கு மூச்சு முட்டும்லா!" என்பார் அண்ணாச்சி.

"மொதல்ல உங்க தாடியப் பிடிங்க அண்ணாச்சி, கழண்டு தொங்குது" என்பாள் சித்தி.

அவளுக்கு இப்படிப் பேச வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நாடகத்தன்று அண்ணாச்சி நிஜப் பிள்ளையை வாங்கினார், ஜெபித்தார். சித்தி இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் மேடை ஓரத்தில் நின்ற அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பி, பிள்ளையை மரியாளாக நின்ற பெண்ணிடமே கொடுத்துவிட்டார். நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. சித்தி தன் வசனத்தைச் சொல்லாமலே திரைக்குள் போனாள். ஜனங்கள் கைதட்டினார்கள்.

திரைக்குப் பின்னால் நான் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் குடுக்கல?"

"சிமியோன் கையில ஏந்தினாருன்னு வேதத்துல இருக்கு. அன்னாள் பிள்ளையத் தொட்டதா எங்கன இருக்கு? காலேஜ் படிச்ச பிள்ளைலா நீ, காட்டு பாப்போம்."

காட்ட முடியாது. அப்படி எழுதியிருக்கவில்லை.

"துண்டக் குடுக்கும்போது வேதம் தெரியலையா?"

"துண்டும் பிள்ளையும் ஒண்ணாட்டி?" என்று வந்தாள் அக்கா. "நாந்தான் அண்ணாச்சிட்ட சொன்னேன். தலைப்பிள்ளை. நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா ஊரு என்ன சொல்லும்? சித்தி, நீங்க தப்பா நெனைக்காதிய."

"நான் என்னத்த நெனைக்கப் போறேன்? பிள்ளை பசியில அழுவுதான் பாரு, பாலக் குடு" என்றாள் சித்தி.

குழந்தை பிறந்த நாளைக் கொண்டாட வந்த கூட்டம் இது. திருநீறும் குங்குமமும் வேண்டாம் என்று சபைக்கு வந்த பாட்டன்மார், இந்தப் பயத்தை மட்டும் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்து எங்களுக்குத் தந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது சித்தியிடம் பொரிந்தேன். "நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"லீவு முடிஞ்சா நீ பஸ் ஏறிருவே. எனக்கு இந்தக் கோயில்தான், இந்தச் சனம்தான். சும்மா வாட்டி."

ஆலயமே கதியென்று கிடந்தாள் என்று எழுதியபோது அதை விசுவாசம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்னாளுக்கும் வேறு போக்கிடம் இல்லாமல் இருந்திருக்குமோ? அதை நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்தேன். அண்ணாச்சி சொன்னது சரி, அன்னாள் தொட்டதாக இல்லை. ஆனால் மீட்புக்குக் காத்திருந்த எல்லாரிடமும் பிள்ளையைப் பற்றி அவள் பேசினாள் என்று இருக்கிறது. என் நாடகத்தில் காணாமல் போனதும் அந்தப் பேச்சுத்தான்.

வருஷத்தின் முதல் ஞாயிறு பெண்கள் ஆராதனை. அதில் ஆண்டவர் தன்னை நடத்தியதைச் சபை முன் நின்று சாட்சியாகச் சொல்லச் சித்தியைக் கூப்பிட வேண்டும் என்று நாளைக்கு ஐயரிடம் கேட்கப் போகிறேன். யார் பிள்ளையும் வேண்டாம், துண்டும் வேண்டாம். "அங்கன ஏறி நின்னா எனக்கு வாய் வராதுட்டி" என்கிறாள் சித்தி. மாட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை.