அருக்காணியும் பான்ஹமின் வலது காலும்

“அவன் மேளம் அடிக்கறானா, பாத்திரம் வெளக்கறானா? ஒரு நிமிசம் கை சும்மா இருக்குதா பாருங். பாடறவன் பாடட்டும்னு உடோணுமல்ல?”

ஈரத் தலையை வெயிலுக்குக் காட்டிக் கோதிக்கொண்டே அருக்காணி ஒருவனைத் தீர்த்துக்கட்டுகிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டவன் கீத் மூன். இங்கிலாந்தில் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். தில்லி சரோஜினி நகரில், அரசாங்கக் குவார்ட்டர்ஸின் மொட்டைமாடியில், தன்மேல் இப்படி ஒரு வழக்கு நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

அருக்காணியின் கணக்கில் டிரம்ஸ்காரர்கள் இரண்டே வகை. ‘ஏத்திவுட்டவன்’, ‘மறந்துபோட்டவன்’. தகுதிக்கு மேல் ஊரார் தூக்கிவைத்தவன் முதல் வகை. தகுதி இருந்தும் யாரும் திரும்பிப் பார்க்காதவன் இரண்டாவது. நடுவில் ஒருவரையும் நிற்க விடமாட்டாள்.

ரிங்கோ ஸ்டார் மறந்துபோட்டவன். “பேரு எல்லாருக்கும் தெரியும், மேளம் தெரியாது. பாட்டுக்குக் குறுக்கால வரவே மாட்டான். நல்ல மருமகனாட்ட.” ஜிஞ்சர் பேக்கர் ஏத்திவுட்டவன். “தனியா உட்டா நிறுத்தறதேயில்லீங். பந்தி முடிஞ்சும் எலை முன்னாடியே உக்காந்திருக்கற ஆளு.” சார்லி வாட்ஸ் பெயர் வந்தால் மட்டும் அவள் குரல் தணியும். “இடது கை ஓங்கி உளுகற எடத்துல வலது கையை எடுத்துக்குவாருங். ஒரு கைக்கு இன்னொரு கை வழி உடுது. அந்த மரியாதை யாருக்கு வரும்?” உலகத்து டிரம்ஸ்காரர்களில் அவள் வாயால் ‘அவர்’ என்று சொல்லப்படும் பாக்கியம் அந்த ஒருவருக்குத்தான்.

அருக்காணி டிரங்க் டெலிபோன் ஆபரேட்டர். பெருந்துறைப் பக்கத்துப் பெண். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். கான்பூர் லைன் கிடைக்கவில்லை, பேசிக்கொண்டே இருங்கள், மூன்று நிமிடம் ஆகிவிட்டது: இவைதான் அவள் வாரத்தில் ஆறு நாள் பேசும் பேச்சு. எல்லாம் யாரோ எழுதிக்கொடுத்த வார்த்தைகள். அவளுடைய சொந்த வார்த்தைகள் ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வரும். மறுமுனையில் ஒருவர் ‘ஹலோ’ என்று சொல்வதிலேயே, வரப்போகும் சேதி நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள். டிரம்ஸ் பைத்தியத்தை ஒட்டவைத்தது பயிற்சிக் காலத்தில் அறைத்தோழியாக இருந்த ஷில்லாங் பெண். அவள் மாற்றலாகிப் போய்விட்டாள். பைத்தியம் இங்கேயே தங்கிவிட்டது.

ரேடியோ பாடும்போது அருக்காணி எதையும் மெல்ல மாட்டாள். “முறுக்கு தின்னுக்கிட்டு மேளம் கேக்கறது, கண்ணை மூடிக்கிட்டு ரோடு தாண்டறதாட்ட” என்பாள். பேசவும் மாட்டாள். பாட்டு முடிந்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதில் தண்ணீர் போனவள்போலக் கொஞ்ச நேரம் இருப்பாள். அதன் பிறகுதான் தீர்ப்பு.

தீர்ப்புக்காகக் காத்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் மாடி வீட்டு வேதாந்தம், மந்திரி அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா, தில்லியிலேயே பிறந்தவன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிப்பான். மற்றவன் பின் பிளாக் குல்தீப், பாங்கில் வேலை பார்க்கும் சர்தார்ஜி; தமிழ் புரியும், பேசுவது ஹிந்தி. அருக்காணியை ‘ஜட்ஜ் சாஹிபா’ என்றுதான் கூப்பிடுவான். அவள் பதிலுக்கு ‘அச்சாங்’ என்பாள். அது எந்த ஊர் ஹிந்தி என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்றாவதாக ஒருவர் உண்டு. அருக்காணியின் அண்ணன் தர்மன். ஓர் அமைச்சகத்தில் கோப்புகளுக்கு அட்டை ஒட்டித் தைக்கும் தஃப்தரி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். அவனுக்கு ராக் இசை என்பது தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி மழை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாடியில் அவனுக்கும் ஒரு முக்காலி உண்டு. தங்கை வாயைத் திறக்கும்போது படித்த இரண்டு பையன்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்களே, அதைப் பார்ப்பதற்காக உட்கார்ந்திருப்பான். “என்ற தங்கச்சி இங்கிலீஷ் மேளத்துக்கெல்லாம் ஜட்ஜு” என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறான். நம்பாதவர்களிடம் இரண்டாம் முறையும் சொல்லியிருக்கிறான்.

அந்த டிரான்ஸிஸ்டர் அவன் வாங்கிக்கொடுத்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கோப்பு தைக்கும் நூலாலேயே அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறான். தையல் ஒன்றுக்கொன்று அரிசி அளவு பிசகாது. பாட்டரி சோர்ந்தால் வெயிலில் காயவைத்துத் தேற்றுவான். சிற்றலையில் பாட்டு கரையத் தொடங்கினால் ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பாட்டு முடியும்வரை கையை இறக்க மாட்டான்.

வம்பு வந்தது ஜான் பான்ஹமால். லெட் ஸெப்பலின் குழுவின் டிரம்ஸ்காரன். அருக்காணி அவனை எப்போதோ ஏத்திவுட்டவன் பக்கம் ஒதுக்கிவிட்டாள். சொன்ன காரணம் ஒன்றுதான்: “கையி சரி. காலே இல்லீங்.”

டிரம்ஸில் எல்லாவற்றிலும் பெரிய மேளம் தரையில் படுத்திருக்கும். அதை வலது காலால் மிதித்துத்தான் அடிக்க வேண்டும். அந்தக் காலைப் பற்றித்தான் அவள் சொல்கிறாள். பான்ஹமின் பெருமையே அந்தக் கால்தான் என்பது ராக் கேட்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி.

தை மாதக் குளிரில் ஒருநாள் வேதாந்தத்துக்குப் பொறுக்கவில்லை. “அரே, என்ன பக்வாஸ் இது! உலகம் முழுக்க அவன் கால்னு எழுதறான். நீங்க ஒருத்தர்தான் கால் இல்லேங்கறேள்.”

“எழுதறதைப் படிச்சுப்போட்டு மேளம் கேக்கறவங்களோட நான் பேசறதில்லீங். எனக்குக் காதுதான் பத்திரிகை.”

“அப்போ பந்தயம். தோத்தவா ஹோலி வரைக்கும் டிரம்ஸைப் பத்தி வாயே தொறக்கப்படாது. ஒரு வார்த்தை கூட. மஞ்சூர்? ஒத்துக்கறேளா?”

குல்தீப் குறுக்கே விழுந்தான். ஹோலிக்கு இன்னும் எத்தனையோ ஞாயிறு இருக்கிறது, ஜட்ஜ் சாஹிபா வாயை மூடினால் நாங்கள் எதற்கு மாடி ஏறி வருவது என்று கேட்டான்.

அருக்காணி தலைமுடியைக் கொண்டை போட்டாள். “மஞ்சூருங்.”

சாட்சி குல்தீப்பின் சொந்தத்திலேயே கிடைத்தது. அவன் பெரியப்பா மகன் பிர்மிங்ஹாமிலிருந்து வந்து லாஜ்பத் நகரில் குடியேறியிருந்தான். கூடவே ஒரு ஸ்டீரியோவும், இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும், ஒரு டிரங்கு நிறைய ரெக்கார்டும் வந்திருந்தன. அடுத்த ஞாயிறு நான்கு பேரும் அங்கே போனார்கள். தர்மன் டிரான்ஸிஸ்டரையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான்.

டீ வந்தது. அருக்காணி தொடவில்லை. பெரியப்பா மகன் ரெக்கார்டைத் துடைத்து, ஊசியை இறக்கினான்.

டீபாய்மேல் இருந்த கிளாஸில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. தர்மனின் நெஞ்சுக்குள் யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. ஆலங்கட்டி மழை தெரியும், இது வேறு. இசை அறியாத அவனுக்கே இது கேட்டது. மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தான்.

அவள் தலையைச் சாய்க்கவில்லை. நேராகப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும், “இன்னொருக்கா போடுங்” என்றாள். இரண்டாம் முறை நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, பெட்டியின் முகத்துத் துணிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

தர்மன் அவள் பக்கம் குனிந்தான். “பெட்டி பெருசு அம்மிணி. அதாம் இப்படி இரையுது. அப்படியே சொல்லிரு.”

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டாள்.

“காலு இருக்குதுங்” என்றாள். “வெறும் காலில்லீங். கை போகப்போற எடத்துக்கு முன்னாலயே போய் நிக்குது. ஒரு மிதி கேக்கறப்பவே ரெண்டாவதும் மிதிச்சுப்போட்டான். நான் சொன்னது தப்பு.”

வேதாந்தம் வாய்விட்டுச் சிரிக்கத் தயாராக வந்தவன். சிரிப்பு வரவில்லை. பெரியப்பா மகன் அவனை விலக்கிக்கொண்டு ஸ்டீரியோ அருகே போனான். ஊசியை மறுபடி இறக்கி, ஒரு குமிழை இடது பக்கம் கடைசிவரை திருப்பினான். கிளாஸில் தண்ணீர் நின்றது. பாட்டு மட்டும் ஓடியது, மெலிந்து, தகரமாய். கால் எங்கும் இல்லை.

“இதேதானுங்! எங்க வீட்டுப் பான்ஹம் இவன்தான்” என்று கத்திவிட்டாள் அருக்காணி.

அவன் விளக்கினான். சின்ன ரேடியோவில் சின்ன ஸ்பீக்கர். கனத்த சத்தத்தைத் தள்ளும் சக்தி அதற்குக் கிடையாது. கை வாசிப்பதெல்லாம் வரும். கால் வாசிப்பது வழியிலேயே நின்றுவிடும். அருக்காணி குமிழைத் தானே வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கால் வந்தது. திருப்பினாள், போனது. திருப்பினாள், வந்தது. திருவிழாவில் ராட்டினம் ஏறிய பெண்போல அவள் முகம் இருந்தது.

குல்தீப்புக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்படியானால் தோற்றது ரேடியோ, ஜட்ஜ் சாஹிபா தோற்கவில்லை, பந்தயம் செல்லாது என்று தீர்ப்பே கொடுத்துவிட்டான்.

“ஆமாங், ரேடியோ மேலதான் தப்பு” என்று தர்மன் எழுந்தான். வாங்கிக்கொடுத்தவன் அவனே என்பதால் அந்தத் தப்பைத் தூக்கிக்கொள்ள அவனுக்குப் பாரமாக இல்லை. “நாந்தான் சின்னதா வாங்கிப்போட்டேன். அவ என்ன பண்ணுவா?”

“சும்மா இருங்ணா. ரேடியோ பாட்டைத்தானே பாடுச்சு? காலில்லைன்னு அதா சொல்லுச்சு? நான்தானுங் சொன்னேன்.” வேதாந்தத்தின் பக்கம் திரும்பினாள். “ஹோலி வரைக்கும். இப்பருந்து.”

வேதாந்தம் ஷூவைப் பார்த்துக்கொண்டு, “நான் சும்மா விளையாட்டுக்குன்னா சொன்னேன்” என்றான். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. படி இறங்கும்போது, எந்த ஞாயிறு வேண்டுமானாலும் வரலாம், ரிங்கோவும் இருக்கிறான், சார்லியும் இருக்கிறான், எல்லோரும் இந்த டிரங்குக்குள்தான் என்று பெரியப்பா மகன் சொல்லி அனுப்பினான்.

பஸ்ஸில் தர்மன் தங்கையின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான். நாலு பேர் முன்னால் தலை குனிந்தவள் என்ன நினைக்கிறாளோ என்றிருந்தது அவனுக்கு. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது: தப்பு என்ற சொல்லை இவ்வளவு நிமிர்ந்து நின்று சொல்கிறவர்களை அவன் அலுவலகத்தில் பார்த்ததில்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “பெரிய பெட்டி என்ன விலை இருக்கும்?” என்று கேட்டான்.

“பசிக்குதுங்ணா. கடலை வாங்குங்” என்றாள். வாங்கிக் கொடுத்ததும் ஒவ்வொன்றாக உடைத்து, தோல் ஊதி, வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தாள். டிரம்ஸ் பற்றி ஒரு சொல் இல்லை. உதட்டோரத்தில் மட்டும் சிரிப்பு நின்றபாடில்லை.

அதற்கடுத்த ஞாயிறு மாடியில் வழக்கம்போல நல்ல வெயில். குல்தீப் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். வேதாந்தம் தொண்டையைச் செருமினான். எதிரே யாரும் இல்லாத மைதானத்தில் பந்து வீசுகிறவன்போல, ரிங்கோ ஸ்டாருக்கு வாசிக்கவே தெரியாது என்று ஆரம்பித்தான். அருக்காணி முழங்காலில் முறத்தை வைத்துக்கொண்டு பட்டாணி உரித்தாள்.

“அவனெல்லாம் சுத்த ஏத்திவிட்டவன்” என்றான், அவளுடைய வார்த்தையையே எடுத்து.

பட்டாணி முறத்தில் விழுந்தது.

“சார்லி வாட்ஸ் கூட அப்படித்தான். பாங்க் குமாஸ்தா மாதிரி வாசிக்கறான்.”

“டேய், பாங்க்கை ஏன்டா இழுக்கறே?” என்று குல்தீப் ஹிந்தியில் சண்டைக்கு வந்தான். அருக்காணியின் கை ஒரு கணம் நின்றது. மறுபடி உரித்தது. தர்மன் முக்காலியில் உட்கார்ந்தபடி, அந்தக் கை நின்ற கணத்தைப் பார்த்தான். எழுந்துபோய் வேதாந்தத்தை ஓர் அறை விடலாமா என்று தோன்றியது. வேதாந்தத்துக்கே போதும் என்றாகிவிட்டது.

“அருக்காணி ஜி, திட்டவாவது திட்டுங்கோளேன். இப்படி இருந்தா என்ன சுவாரஸ்யம்? நான் பந்தயத்தை வாபஸ் வாங்கிக்கறேன். சத்தியமா.”

அவள் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். கடைசிப் பட்டாணியையும் உரித்து, தோலைத் தனியே ஒதுக்கி, முறத்தை அண்ணன் மடிக்கு மாற்றினாள். கீழே போனாள். திரும்பி வந்தபோது காலில் செருப்பு இருந்தது, தோளில் கைப்பை இருந்தது. கொடியிலிருந்த ஸ்வெட்டரை உருவி குல்தீப்பின் மடியில் போட்டுவிட்டு, லாஜ்பத் நகர் இருக்கும் திசையைப் பார்த்து மோவாயை ஆட்டி, படிக்கட்டின் மேல்படியில் போய் நின்றாள்.