இடது காதோரம் தொங்கின முந்தி

எனக்க மாமனார் வைகுண்டராஜனுக்கு எழுபத்தேழு வயசு. மயிலாடிப் பக்கத்துல வாழை வச்சுப் பிழைச்ச மனுசன். வாயைத் திறந்து ஒரு சாயா கேக்கமாட்டாரு. அந்த ஆளு போன ஆவணியில, "மக்ளே சுபிதா, என்ன டெல்லிக்குக் கூட்டிட்டுப் போவியா?"ன்னு கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

எல்லாம் எனக்க மக ஆதிரா செஞ்ச வேலை. காலேஜ் டூருக்கு டெல்லி போனவ, சுதந்திரப் போராட்ட அருங்காட்சியகத்துல ஒரு படத்தப் பாத்திருக்கா. ஜெயிலிலேருந்து வெளிய வந்த பதினோரு பேரு. படத்துக்குக் கீழ மயிலாடின்னு எழுதியிருக்காம். போனுல படம் எடுக்க விடலியாம். மாமாவுக்க அப்பாவும் அந்தக் கூட்டத்தோட ஜெயிலுக்குப் போனவராக்கும். வெளிய வந்து நோயில விழுந்து, மாமா வயித்துல இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டாரு. வீட்டுல ஒரு படம் கிடையாது. பெத்த அப்பன் முகத்தக் கண்ணால காணாமலே கிழவனாயிட்டாரு, பாவம்.

எனக்க வீட்டுக்காரருக்கு லீவு இல்ல. முட்டுவலியோட நான்தான் கிளம்பினேன். ரெண்டு நாள் ரயில். மாமா கையில துணிப்பையும் ஒரு சீப்பு மட்டிப்பழமும்.

"இத எதுக்கு மாமா சுமக்கிய?"

"அப்பாவப் பாக்கப் போறோம்லா? வெறுங்கையோட எப்படி மக்ளே?"

 ஆனா அருங்காட்சியக வாசல்லயே காவல்காரன் பழத்த வாங்கி மேசைக்கு அடியில வச்சிட்டான்.

படம் உள்ள ஒரு மூலையில இருந்துது. பதினோரு பேரும் எலும்பும் தோலுமா நிக்காங்க. பேரு ஒண்ணும் எழுதல. மாமா ஒவ்வொரு முகமா விரலால காட்டிக்கிட்டே போனாரு. திரும்ப முதல்லேருந்து வந்தாரு.

"எது மக்ளே?"

எனக்கென்ன தெரியும்?

"இவ்வளவு தூரம் வந்தும் எனக்க அப்பாவ எனக்குத் தெரியலியே"ன்னு சொல்லி ரெண்டடி பின்னால வந்தாரு. படத்துக்கு மேல போட்டிருந்த கண்ணாடியில அவருக்க முகம் தெளிவாத் தெரிஞ்சுது.

நாங்க அய்யாவழி. எங்க கோயிலான தாங்கலில நாங்க கும்பிடுகதே ஒரு கண்ணாடியத்தான். ஆம்பளைங்க தலைப்பா கட்டித்தான் அதுக்கு முன்னால நிக்கணும். கண்ணாடியக் கண்டதும் மாமாவுக்க கை தன்னால தோள் துண்டுக்குப் போயிட்டு. அருங்காட்சியகம்னு நினைப்பே இல்லாம தலைப்பா கட்டிக் கைகூப்பி நின்னாரு. எப்பவும்போல துண்டுக்க முந்தி இடது காதோரம் ஒரு சாண் தொங்குது. "கோணலா இருக்கு மாமா, சொருகிக் கட்டுங்க"ன்னு கல்யாணமாகி வந்த நாள் தொட்டு சொல்லிப் பாத்துட்டேன். "எங்கம்மை இப்படித்தான் கட்டிப் பழக்கினா"ம்பாரு, அதோட சரி.

ஒரு காவல்காரன் இந்தியில சத்தம்போட்டுட்டு வந்தான். "செத்த சும்மா இருமய்யா!"ன்னு தமிழிலயே எகிறினேன். திரும்பினவ படத்தப் பாத்தேன். மாமாவப் பாத்தேன். திரும்பவும் படத்தப் பாத்தேன்.

நாலஞ்சு பேரு தலைப்பா கட்டியிருந்தாங்க. எல்லாரும் முந்திய ஒழுங்காச் சொருகியிருக்காங்க. பின் வரிசையில மூணாவது ஆளுக்கு மட்டும் இடது காதோரம் ஒரு சாண் தொங்குது.

"மாமா, உங்க அம்மை யாரப் பாத்து இப்படிக் கட்டப் படிச்சா?"ன்னு கேட்டு அந்த ஆளக் காட்டினேன்.

படத்துக் கண்ணாடியில மூக்கு முட்டுக அளவுக்குக் கிட்ட போனாரு. கை காதோரத் துண்டத் தடவிக்கிட்டே இருந்துது.

"பொடிப்பையனால்லா இருக்காரு மக்ளே. நம்ம ஆதிராவ விட நாலு வயசு கூட இருக்குமா?"

எனக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு. காவல்காரனுக்கு என்ன புரிஞ்சுதோ, ரெண்டடி தள்ளிப் போய் நின்னுட்டான்.

மாமா வாழ்க்கையில ஒரு ஆளையும் அப்பான்னு கூப்பிட்டதில்ல. இப்ப, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை புகார் சொல்லுகதுபோல, பைய சொன்னாரு:

"அப்பா, மட்டிப்பழம் கொண்டு வந்தேன். வாசல்ல பிடிச்சு வச்சிட்டான்."