முழங்கால் அளவு

மழை என்றால் கொருக்குப்பேட்டையில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். ஜெயவேல் மட்டும் டீசல் கேனைப் பார்ப்பார். பதினோரு வருடமாக வார்டு ஆபீசில் ஒப்பந்தக் கூலிக்கு மோட்டார் ஓட்டுகிறார். தெருவில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சிக் கால்வாயில் தள்ளுவது வேலை. வயது ஐம்பத்திரண்டு. இடுப்பு போய்விட்டது, முட்டி போய்க்கொண்டிருக்கிறது. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று அவரைக் கேட்டால் போதும், அளவுகோல் தேவையில்லை.

அப்படிப்பட்ட மனிதர்தான் பொய் சொன்னார்.

சித்திரை வெயிலில், புதிதாக வந்த உதவிப் பொறியாளர் சுஜா வார்டுக்கு வெள்ள வரைபடம் தயாரிக்க வீடு வீடாக ஏறி இறங்கினார். போன மழைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது, எத்தனை நாள் நின்றது என்று எழுதிக்கொண்டார். இனி வடிகாலும் மோட்டாரும் அந்தப் படத்தின்படிதானாம். நல்ல பெண், திட்டமும் நல்ல திட்டம்தான். ஆனால் ஜெயவேல் குடியிருக்கும் தண்டவாளத்து ஓரச் சந்துக்கு, யாராவது பேனாவோடு வந்தாலே பயம். பக்கத்துச் சந்தை ஆறு வருடத்துக்கு முன் இப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள். ஆபத்தான இடம் என்று முத்திரை விழுந்தது. எழுபது குடும்பத்தை லாரியில் ஏற்றி முப்பது கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டார்கள். ஜெயவேலின் தங்கை மலரும் அதில் ஒருத்தி. ராயபுரத்தில் அவள் பார்த்துவந்த நான்கு வீட்டு வேலையும் அதோடு போயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டுமா?

சந்து கூடிப் பேசியது. யார் கேட்டாலும் முழங்கால் அளவு என்று சொல்ல முடிவாயிற்று. சுவரில் மார்பு உயரத்துக்கு ஓடிய தண்ணீர்க் கறையின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். நிவாரணம் கேட்டபோது கழுத்தளவு என்றவர்களும் இவர்களேதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் சந்துக்கு ஈடில்லை.

பொங்கல் போய் மூன்று மாதம் கழித்து எவன் வெள்ளையடிப்பான்? சுஜா சுவரைப் பார்த்தார், ஜெயவேலைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, மத்தவங்க சொல்றத விடுங்க. மோட்டார் ஓட்டுறவரு நீங்க. நீங்க சொல்லுங்க."

"முட்டி வரிக்கும்தான் மேடம். ஒரே நாள்ல வடிஞ்சிடும்."

சுஜா அதை எழுதிக்கொண்டார். அன்று ஜெயவேலுக்குச் சோறு இறங்கவில்லை.

டிசம்பரில் மூன்று நாள் விடாத மழை. வார்டுக்கு இருந்த நான்கு மோட்டாரும் நான்கு தெருவுக்குப் போயின. பட்டியலில் அவருடைய சந்து இல்லை. ஜெயவேலை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினார்கள். கால்வாயே நிரம்பி வழிந்ததால் அதில் தண்ணீரை விட வழியில்லை. முழங்காலுக்கு மேல் ஏறாத, சீக்கிரம் வடிகிற இடம் வரைபடத்தில் எதுவோ அங்கே விடச் சொல்லி உத்தரவு வந்தது. வரைபடத்தில் அது ஜெயவேலின் சந்துதான். தன் சந்தை நோக்கித் தானே குழாயை இழுத்துப் போட்டார்.

காலை பத்து மணிக்கு மனைவி பச்சையம்மா போன் செய்தாள்.

"யோவ், கட்டிலு முழுகிடுச்சு. பக்கத்து வூட்டு மாடிப்படில குந்திகினு கீறேன். இன்னாய்யா இது, தண்ணி வந்துகினே கீது? எங்கேந்துதான் வருதோ."

எங்கேயிருந்து என்று அவருக்குத் தெரியும். அது அவர் காலடியில் உறுமிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடக் களைப்பாக இருந்தது. மோட்டாரை நிறுத்தினார். அந்தத் தெருக்காரர்கள் போட்ட கூச்சலைக் காதில் வாங்காமல் சுஜாவைக் கூப்பிட்டார்.

"மேடம், எங்க சந்துல மார் வரிக்கும் தண்ணி கீது. போன மழைக்கும் அதே அளவுதான். நான் பொய் சொல்லிட்டேன்."

"ஒரு மோட்டார அங்க மாத்துறேன், கால்வாயும் இப்ப கொஞ்சம் எறங்கிடுச்சு. ஆனா படத்தையும் மாத்தணும் அண்ணே. மார்பளவுன்னு எழுதினா அது மேலிடத்துக்குப் போகும். அப்புறம் நடக்குறது என் கையில இல்ல. எழுதிக்கவா?"

அறுபது வீடு கூடிச் சொன்ன பொய்யை ஒற்றை ஆளாக மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. ஜெயவேல் மலரை நினைத்தார். படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவளை நினைத்தார்.

"எழுதிக்கோங்க மேடம்."

பிறகு பச்சையம்மாவை அழைத்தார். "மோட்டார் வருது" என்றார்.

"வரட்டும்யா. வூடு தப்பிச்சுது" என்றாள் அவள்.

ஜெயவேல் குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.