பிளவுஸ் பிட்டைத் தைத்துவிட்ட பிம்லா

மயிலாப்பூரில் நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் பிளவுஸ் பிட்டை யாரும் தைத்துக்கொள்வதில்லை. எங்கும் எழுதிவைக்காத சட்டம் இது. மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்திருந்து, அடுத்து வருகிற மாமிக்கு அதையே கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்துவிடாத அளவுக்கு ஞாபகசக்தி இருந்தால் போதும். எங்கள் தெருவில் இந்தச் சட்டம் தெரியாதிருந்த ஒரே பெண்மணி என் மனைவி பிம்லா.

அவளுக்கு ஊர் நேபாளத்தில் பொக்காரா. இந்திய அரசின் உதவியில் அந்தப் பக்கம் ரோடு போட்டபோது நான் நாலு வருஷம் அங்கே ஓவர்சீயராக இருந்தேன். அவள் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என் கோட்டில் ஒரு பித்தான் அறுந்தது, தைத்துக் கொடுத்தாள். மீதிப் பித்தான்களை நானே அறுத்துக்கொண்டு போனேன். ஆறாவது பித்தானில் அவளுடைய அப்பா என் ஜாதகத்தைக் கேட்டார். 1985இல் அவளோடு கச்சேரி ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆரத்தி எடுத்த அம்மா, "குளிர்ல வளர்ந்த பொண்ணு, இந்த வெயில்ல உருகிடப்போறா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷ நவராத்திரியில் பக்கத்து வீட்டுப் பங்கஜம் மாமி பிம்லாவுக்கு ஒரு பிட் கொடுத்தாள். கடுகு மஞ்சள் நிறம். மேலெல்லாம் ஊதா யானைகள். மாமிக்கு அது 1969இல் கல்யாணத்தில் வந்தது. பதினாறு வருஷமாகத் தெருவைச் சுற்றி, மூன்று தடவை அவளிடமே திரும்பியிருந்தது.

பிம்லாவின் ஊரில் நவராத்திரிக்குத் தசைன் என்று பெயர். தசைனுக்கு ஒருவர் துணி கொடுத்தால், அதை உடுத்திக்கொண்டு போய் அவர் முன்னால் நிற்க வேண்டும். உடுத்தாமல் விட்டால், உன் உறவே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். ஆகவே அவள் ஒரே மத்தியானத்தில் தைத்து முடித்து, மறுநாள் சாயங்காலம் யானைகளோடு பங்கஜம் மாமியின் கொலுவுக்குப் போனாள். அம்மாவும் கூடப் போயிருந்தாள். பாடிக்கொண்டிருந்தவர் பாதி அடியில் நிறுத்திவிட்டாராம்.

"இது எங்காத்து பிட்னா!" என்றாள் ஒரு மாமி.

"உங்காத்து பிட்டா? அதை நான் உங்க நாத்தனாருக்குன்னா கொடுத்தேன்."

"அவதான் எனக்குக் கொடுத்தா. புதுசா டி. நகர்ல எடுத்தேன்னு சொன்னாளே!"

யார் யாருக்கு எதைத் தள்ளிவிட்டார்கள் என்ற பதினாறு வருஷ ரகசியம் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. இரண்டு மாமிகள் சுண்டலைக்கூட வாங்காமல் கிளம்பினார்கள். அவ்வளவுக்கும் நடுவில் பிம்லா, எல்லோரும் தன் பிளவுஸைப் பற்றியே பேசுகிறார்களே என்று பூரித்துப்போய் நின்றிருந்தாள்.

"அடுத்த வருஷம் இவளை எவளும் வெத்தலை பாக்குக்குக் கூப்பிடப்போறதில்லே, ரமணா" என்று அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

பிம்லாவுக்கு நான் விஷயத்தை நேபாளியில் விளக்கினேன். வெகுநேரம் யோசித்தாள். பிறகு, அடுத்த தசைனுக்கு ஒருத்தராவது தன்னைக் கூப்பிடாவிட்டால் பொக்காராவுக்கே போய்விடுவேன் என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அடுத்த நவராத்திரியில் எட்டு நாளும் தலைவாரிப் புடவை கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அம்மாவிடம் "நீங்க வாங்கோ மாமி" என்றார்கள். அந்த 'நீங்க'வில் விழுந்த அழுத்தம் பின்கட்டுவரை கேட்டது. நான் நேபாள எல்லைப் பக்கம் போகிற கோரக்பூர் ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. பங்கஜம் மாமி. திருடப் போகிறவள்போல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, ஒரு மஞ்சள் பையோடு நின்றாள்.

"ஏன்டி பிம்லா, அந்த யானை பிளவுஸ் முதுகுல ஒரு சுருக்கம்கூட இல்லியேடி! என் டெய்லர் தச்சா தோள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்." பையைத் திறந்தாள். உள்ளே பதினோரு பிட்டுகள். "எல்லாம் சுத்தல்ல வந்ததுதான். தச்சுக் குடேன். உன் மாமியார்ட்ட சொல்லிண்டிருக்காதே."

"தைக்கிறேன் மாமி. சாயங்காலம் என்னைக் கூப்பிடணும்."

"கூப்பிட்டுட்டேன், போ."

"நாளைக்கு என் நெத்தியில டீகா வெக்கணும்."

பச்சரிசியையும் தயிரையும் குங்குமத்தையும் பிசைந்து, சின்னவர்கள் நெற்றியில் பெரியவர்கள் அப்பி ஆசீர்வாதம் செய்வதுதான் டீகா என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "தயிர்சாதத்தை நெத்தியிலயா இட்டுப்பா?"

ரயில் புறப்பட்டுப் போயிற்று, அவள் இல்லாமல். விஜயதசமியன்று பங்கஜம் மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டே டீகா வைத்தாள். மறு வருஷம் நாலு மாமிகள் பிட்டோடு வந்தார்கள். அப்புறம் தெருவே வந்தது. தையலுக்கு அவள் கேட்ட கூலி அந்த டீகா மட்டும்தான். ஒவ்வொரு விஜயதசமியும் பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் நெற்றியில் ஒரு ஆழாக்கு அரிசி இருக்கும். மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போனால் காக்கைகள் பின்னாலேயே போகும்.

தமிழை அவள் இரண்டு பேரிடம் கற்றாள். ஒன்று, என் அம்மா. இன்னொன்று, காஜா எடுக்கக் கொண்டுபோய்க் கொடுக்கும் டெய்லர் அப்துல் வஹீத். அதனால் கடைசிவரை "இன்னா மாமி, ஆத்துல அல்லாரும் சௌக்கியமா கீறாளா?" என்றுதான் விசாரிப்பாள். அம்மா கேட்டுக் கேட்டுச் சிரித்து, சாகும்வரை திருத்தவில்லை.

துணியில் மிஞ்சியதை அவள் எறிந்ததே கிடையாது. எங்கள் பையன் பிரணவ் ஐந்தாவது படிக்கும்வரை மாமிகளின் பிட்டில் தைத்த டிராயரோடுதான் பள்ளிக்கூடம் போனான். தெருவில் அவன் குனிந்தால், "அடே, இது என் பிட்!" என்று எந்த வீட்டிலிருந்தாவது குரல் வரும். பேத்தி ஷ்ரேயா பிறந்ததும், அவள் முதல் தொட்டிலுக்கே பதினெட்டு வீட்டுத் துணி.

போன வருஷம் மூன்றே நாள் காய்ச்சலில் பிம்லா போய்விட்டாள். மெஷினில் யாருக்கோ பாதி தைத்த பிளவுஸ் கை ஒன்று இருந்தது.

சுமங்கலியாகப் போனவளுக்கு வருஷம் முடிந்ததும் ஏழு சுமங்கலிகளை அழைத்துச் சாப்பாடு போட்டு, புடவையும் பிளவுஸ் பிட்டும் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் மருமகள் வர்ஷினி எல்லாம் வாங்கி வந்து வைத்துவிட்டு, "பிட்டை யார் தச்சுக்கப்போறாப்பா? சுத்திண்டுதான் இருக்கும்" என்றாள். பிம்லாவின் பெயரால் கொடுக்கிற துணியை யாருமே உடுத்தாமல் போவதா?

"தச்சே கொடுத்துடலாம்" என்றேன்.

"அளவு? மாமிகளுக்கெல்லாம் நீங்க ஃபோன் பண்ணிக் கேக்கப்போறேளா?"

எழுபது வயதில், "நமஸ்காரம் மாமி, உங்கள் மார்பளவு..." என்று ஆரம்பிப்பதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஃபோனை எட்ட வைத்தேன். அப்போதுதான் மெஷின் இழுப்பறையிலிருக்கும் அவளுடைய நோட்டு ஞாபகம் வந்தது. 1986 முதல் தெருவின் அளவு முழுவதும் அதில் இருக்கிறது. பக்கத்தில் நேபாளியில் குறிப்புகள்: "மூச்சை இழுத்துப் பிடித்து அளவு கொடுக்கிறாள், இரண்டு அங்குலம் கூட்டு." "இவள் சம்பந்தி வருகிற அன்று மட்டும் இறுக்கமாகக் கேட்பாள்." பங்கஜம் மாமிக்கு ஒரு தனிப் பக்கம். கடைசி வரி: "எப்போதும் முப்பத்தெட்டு என்பாள். நாற்பத்திரண்டு தை. முப்பத்தெட்டு என்று சொல்லிக் கொடு."

வர்ஷினி வாங்கியிருந்த பிட்டை மட்டும் மாற்றினேன். டி. நகரில் நாலு கடை ஏறியும் ஊதா யானை கிடைக்கவில்லை. கடுகு மஞ்சளில் ஊதா மயில் கிடைத்தது.

"இன்னா சார், ஏழு மாமிங்க அளவை எய்தி எடுத்துனு வந்துகீற, இந்த வயசுல?" என்றார் வஹீத். யார் எடுத்த அளவு என்று சொன்னேன். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். "அக்கா அளவா? அப்ப நான் டேப்பைத் தொட மாட்டேன் சார்."

சாப்பாட்டுக்கு முதல் நாளே வர்ஷினி பிளவுஸ்களை ஏழு வீட்டிலும் கொடுத்துவிட்டு வந்தாள். போட்டுக்கொண்டு வருவார்களா என்று நான் மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து வாசலிலேயே நின்றேன், அந்த நவராத்திரியில் பிம்லா உட்கார்ந்திருந்த அதே இடத்தில்.

ஏழு பேரும் மயில்களோடு வந்தார்கள், பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி. கடைசியாக வந்த பங்கஜம் மாமி ஒரு கிண்ணத்தில் தயிரும் அரிசியும் குங்குமமும் பிசைந்து எடுத்து வந்திருந்தாள். நேராகப் போய் பிம்லாவின் படத்தில் அப்பினாள். கண்ணாடியானதால் அது மெதுவாக வழுக்கி மூக்கில் வந்து நின்றது.

பிறகு என் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டினாள்.

"பார்த்தியா ரமணா, ஒரு சுருக்கம் இல்லே. எழுபத்தாறு வயசாறது, இன்னும் அதே முப்பத்தெட்டு!"

"ஆமாம் மாமி" என்றேன்.