பேரைச் சொல்லிக் கேளுங்கோ

ஓலைத்தொடுவாயில் என் தம்பியை எல்லாரும் பைத்தியம் என்ற பொருளில் விசரன் என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது அவனைப் போன்றவர்களுக்கு ஓட்டிசம், ஏடிஎச்டி என்று பெயர் சொல்கிறார்கள். சண்டை நடந்த தொண்ணூற்றாறில் எங்கள் ஊருக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. நல்ல சனம்! ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலில் பூசை காணும் சனம்.

முப்பத்திரண்டு வயதிலும் அவன் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டான். பூசையில் பாதியில் எழுந்து வெளியே போய்விடுவான். ஒரே நாளில் மூன்று படகு எஞ்சினைக் கழற்றிப் பரப்பிவிட்டு நாலாவதைத் தேடிப் போவான். ஆனாலும் ஊரில் பழுதான எஞ்சின் எல்லாம் எங்கள் முற்றத்துக்குத்தான் வரும். திருத்தியதும், "விசரன் எப்பிடியோ செய்துபோட்டான்" என்று சிரித்தபடி தூக்கிப் போவார்கள். அவனும், "நான் சும்மா தட்டினனான்" என்பான். அதைக் கேட்டால் எனக்குப் பற்றி எரியும்.

பிறகு அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு சாக்கை விரிப்பான். அதன்மேல் ஒரே ஓர் எஞ்சின். அது முடியும்வரை அடுத்ததைத் தொடமாட்டான். வேலைக்கு நடுவில் யாராவது கதை கொடுத்தால், "இப்ப போங்கோ, பிறகு வாங்கோ" என்பான். மூன்று மாதத்தில் பத்தொன்பது எஞ்சின் ஓடின.

"எல்லாம் நான்தான் செய்தனான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான்.

அடுத்த கிழமை, படகுகளின் முதலாளி சிங்கராசா சம்மாட்டியின் எஞ்சின் நின்றுபோனது. மனுசன் ஆட்களோடு நேரே வந்தார். தம்பிக்கு ஞானத்தகப்பன். கோயிலில் அவனைக் கையில் ஏந்திப் பெயர் வைத்தவரே அவர்தான்.

"டேய் விசரா, கெதியாப் பார். கடலுக்குப் போக நேவி தந்த பாஸ் மத்தியானம் வரைக்கும்தான்."

தம்பி சாக்கைச் சுருட்டினான். "பேரைச் சொல்லிக் கேளுங்கோ. அப்பத்தான் தொடுவன்."

எல்லாரும் சிரித்தார்கள். சம்மாட்டியும் சிரித்துவிட்டு வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. ஆட்களைப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கோ அவ்வளவு சந்தோசம்.

"உன்ர பேர்... என்னடா?"

"அம்புறோஸ்."

"சரி. அம்புறோஸ், எஞ்சினைப் பார்."

"இன்னொருக்கா. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

முகம் கறுக்கச் சொன்னார். தம்பி சாக்கை விரித்து ஸ்பனரை எடுத்தான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. குசினி வாசலில் நின்று கத்தினேன்:

"நல்லாக் குடுத்தாயடா, விசரா!"

அவன் ஸ்பனரைக் கீழே வைத்தான்.

"அக்கா, நீயும்தான்."

ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. என் தம்பியின் பெயர் என் வாயில் வர அவ்வளவு நேரம் எடுத்தது.