வற்றக் காய்ச்சிய தண்ணீர்

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை 6.40 மணி, காற்றே இல்லாத புழுக்கம். லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த மகள், குடித்த டம்ளரைப் பாதியில் வைத்தாள்.

“தண்ணில என்னமோ வாசன வருதுப்பா.”

“ரெண்டு லிட்டர ஒரு லிட்டரா வத்தக் காய்ச்சியிருக்கேன், ஒண்ணும் ஆவாது” என்றேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படிக் கொடுப்பதே எங்கள் வழக்கம்.

மனம் கேட்கவில்லை. தண்ணீர் பிடித்து வைக்கப் பழைய சாமான் கடையில் வாங்கிய நீல ட்ரம்மைச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே ஐந்து முறை கழுவியிருந்தேன். வெளியே அடியில் ஒட்டியிருந்த தாளை அன்றுதான் படித்தேன். ஏதோ தொழிற்சாலை ரசாயனம்.

தாளைப் பிய்த்துக்கொண்டு மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: “ஐயா, இது கொதிச்சா போறது இல்ல. தண்ணி வத்த வத்த இன்னும் கூடத்தான் செய்யும்.”

“இருபத்து மூணு நாள் குடிச்சிட்டாளேம்மா?”

“உடம்ப விட்டுப் போக வருஷக்கணக்காகும். எடுக்கிறதுக்கு மருந்து இல்ல. கொழந்த நல்லா அசையுதான்னு பாத்துக்குங்க.”

ட்ரம்மைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “குடு பெருசு, நாளைக்கே வேற வூட்டுக்குப் போயிடும்” என்றான் கடைக்காரன். கொடுக்க மனமில்லாமல், ஓட்டை போட்டு மாடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எரிக்கவும் பயம், எறியவும் பயம்.

இப்போது எந்தப் பாத்திரத்தையும் கவிழ்த்துப் பார்த்தே வாங்குகிறேன். குழந்தையின் அசைவை மணிக்கொருமுறை மகளிடம் கேட்டு எண்ணுகிறேன்.

“நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள அது பொறந்து வந்துடும்பா” என்று மகள் சிரிக்கிறாள்.

ஸ்கேன், கேன் தண்ணீர், பழைய ட்ரம், அதற்குப் பதில் வாங்கிய புது ட்ரம் எல்லாம் சேர்த்து இதுவரை 6,840 ரூபாய்.