அப்பா வாசித்த டிவி கேம் பாட்டு

எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம் அப்பா ஒரு கேசட்டை என் கையில் கொடுத்து, "கேட்டுட்டு உள்ளத உள்ளபடி சொல்லும்மா" என்றார். அவரே கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்த பாட்டு. சினிமாப் பாட்டு இல்லை, சாமிப் பாட்டும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எங்கள் வீட்டு டிவியில் விளையாடிய வீடியோ கேமில் ஓடிக்கொண்டே இருக்குமே, அந்த மெட்டு. அரியலூரில் நடக்கப்போகும் என் வரவேற்பில், மெல்லிசைக் குழுவினர் சற்று மூச்சு வாங்கும் நேரத்தில் அவர் மேடையேறி அதை வாசிப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் கருத்துக் கேட்கிறார். அவர் சுபாவமே அதுதான்.

அப்பா எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மற்றவர்கள் கோயில் குளம் என்று போவார்கள், இல்லாவிட்டால் டீக்கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவார்கள். இவர் பெரம்பலூரில் ஒரு மாடியில் நடந்த கீபோர்டு வகுப்பில் போய்ச் சேர்ந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கேசட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பழைய பஜனை கேசட்டின் மேலேயே பதிவு செய்திருக்கிறார், அழியாத மிச்சம் அது. பிறகு ஃபேன் சத்தம். அதற்கும் மேல் மழை பெய்வது போல ஓர் இரைச்சல். பின்னால் எங்கள் குக்கர் இரண்டு விசில் அடித்தது. அதற்கப்புறம்தான் பாட்டு வந்தது, வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. கரும்பு டிராக்டர்கள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்குமே, அப்படி ஒவ்வொரு ஸ்வரமாக நகர்ந்தது.

அந்த மெட்டு எனக்குத் தலைகீழ்ப் பாடம். திரையில் ஒரு குட்டி ஆள் ஓடுவான், பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும். கட்டைவிரலைப் பட்டனை விட்டு எடுக்க முடியாது. மெட்டும் அவனோடு சேர்ந்து ஓடும், நம்மையும் விரட்டும். அப்பா அதைத் தூங்க வைத்திருந்தார். இடது கையில் சேர்த்து அமுக்க இரண்டே இரண்டு பிடி, அதுவே திரும்பத் திரும்ப. கீபோர்டிலேயே இருக்கும் தாளத்தில் எதையோ அமுக்கிவிட்டிருந்தார், அது தன் பாட்டுக்கு டுப்பு டுப்பு என்று போய்க்கொண்டிருந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பாட்டு நடுவில் திடீரென்று நின்றது. டொய்ங் டொய்ங் டொய்ங் என்று மூன்று ஸ்வரம் கீழே சரிந்தது. மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தது. அதே இடத்தில் மறுபடி சரிவு. மூன்றாவது முறை சரிந்ததும் பாட்டு முடிந்துவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இந்த எறக்கம் எங்கேருந்துப்பா வந்துச்சு?"

"பாட்டுலயே இருக்குல்ல. எத்தன வருசம் கேட்டிருக்கேன். அதான் பல்லவி."

"அய்யோ, அது பல்லவி இல்லப்பா. ஆளு சாவுற சத்தம்!"

அடுப்படியில் இருந்து அம்மா பாய்ந்து வந்தாள். "கல்யாணம் வச்சிருக்கிற வூட்ல என்ன பேச்சுடி பேசுற? வாயக் கழுவு." பத்திரிகையைச் சிறுவாச்சூர்க் கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொல்லாமலே, குழியில் விழுகிற சத்தம் என்று வாதாட வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். விளையாட்டில் நமக்கு மூன்று உயிர். நான் மூன்றாவது கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட பள்ளத்தைத் தாண்டத் தெரியாமல் எப்போதும் அதிலேயே விழுவேன். விழுந்தால் பாட்டு நின்று அந்தச் சரிவுச் சத்தம் வரும், மறுபடி பாட்டு தொடங்கும். மூன்றாம் முறை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அப்பா ஒரு நாளும் டிவி பக்கம் வந்து பார்த்ததில்லை. ஆலையில் இருந்து வந்து குளித்துவிட்டு, முன்னறையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, பாட்டே அப்படித்தான் என்று நம்பிவிட்டார். ஆக, எனக்கு விளையாடத் தெரியாத லட்சணத்தை என் கல்யாணத்திலேயே கச்சேரி வைத்துச் சொல்லப்போகிறார்.

என் கவலை அதுகூட இல்லை. மாப்பிள்ளையும் அவருடைய நண்பர்களும் என் வயதுக்காரர்கள். அந்த வயதில் அந்த விளையாட்டை ஆடாதவர்கள் யார்? எல்லோரும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள்தான். மண்டபம் நிறைந்த கூட்டத்தில் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் கேலிப்பொருளாகி நிற்பதை மணப்பெண்ணாக நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அதனால் விடாமல் சொன்னேன். வேகமாக வாசியுங்கள் என்றேன். "கல்யாணத்துக்கு வந்தவங்க ஓடிக்கிட்டா இருப்பாங்க? ஒக்காந்து கேக்க வேணாமா?" என்றார். இரைச்சல் இல்லாமல் பதிவு செய்து, அதைக் கேட்டுப் பழகுங்கள் என்றேன். இரைச்சல் இருந்தால்தான் எங்கள் வீட்டு டிவி மாதிரி இருக்கிறதாம். இடது கைக்கு இன்னொரு பிடி சேர்க்கச் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார், யோசிக்கவில்லை. "அந்த எறக்கத்த மட்டுமாவது எடுத்துடுங்கப்பா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினேன். அதைக் கேட்டதும் அவர் கீபோர்டுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். செவிடன் காதில் சங்கு ஊதி எனக்குத்தான் தொண்டை வறண்டது.

வரவேற்பு அன்று மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர் எழுந்து இடம் விட்டார். அப்பா பட்டு வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் வாசித்ததைவிடவும் மெதுவாக ஆரம்பித்தார். பெரியவர்கள் ஏதோ பக்திப் பாட்டு என்று நினைத்து அமைதியானார்கள். பின் வரிசைப் பையன்களுக்கு மட்டும் பிடிபட்டுவிட்டது, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். முதல் சரிவு வந்தது.

"போச்சு!" என்று ஒரே குரலாகக் கத்தினார்கள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் மாப்பிள்ளை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. இரண்டாவது சரிவுக்கு இன்னும் பலமாகக் கத்தினார்கள். மூன்றாவதற்கு விசில், கைதட்டல், ஒரே ரகளை. அப்பா எழுந்து நான்கு பக்கமும் கும்பிட்டார். என் மாமியார் குனிந்து, "என்னம்மா போச்சு?" என்று கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லைங்க அத்தை" என்றேன்.

போட்டோவுக்காக அப்பா மேடைக்கு வந்து என் அருகில் நின்றார். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே பற்களுக்கு இடையில் கேட்டேன். "சிரிச்சாங்க பாத்தீங்களா? அந்த எடத்த எடுத்துடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல?"

"சிரிக்கட்டுமே. அது குழியில வுழுவுற சத்தம்னு நீ சொன்ன அன்னிக்கே புரிஞ்சிடுச்சும்மா."

"புரிஞ்சுமா வாசிச்சீங்க?"

"எனக்கு அது அப்புடிக் கேக்கலையே" என்றார். "நீ எடுத்து வைச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும். கூப்புட்டா நீ வர மாட்ட. அந்தச் சத்தம் மூணாவது தடவ கேட்டாத்தான் சோறு போட எந்திரிச்சு வருவ. அதுக்காவத்தான் பேப்பரப் புடிச்சிக்கிட்டு காத டிவி ரூமுப் பக்கமே வச்சிக்கிட்டு இருப்பேன். இனிமே எங்க வரப்போற."

போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். நானோ, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பார்க்க, மேடையிலேயே அழுதுவிட்டேன்.